கண்ணால் பார்த்த விளக்கு

கம்பம் ஊரில் நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த காலத்தில், கெட்டுப்போன சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, நாந்தான் கீழ போட்டுட்டேன்" என்று சொன்ன வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லாரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள். நேத்துத்தான் வாங்கினேன், டப்பாவை விட்டே எடுக்கலை, அதுக்குள்ள போச்சு என்பார்கள். டப்பாவுக்குள் பல்பு நன்றாக எரிந்து தீர்ந்து கருத்துப்போயிருக்கும். நானும் அதைப் பார்க்காதவன் மாதிரி மாற்றிக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் பொய் ஓடினால்தான் வியாபாரம் ஓடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அப்படிச் சொன்ன அந்த அக்கா என் கடைக்குப் பின்தெருவில் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. முக்காட்டுக்கு மேலேயே கண்ணாடிக் காதை மாட்டிக்கொள்வார், அதனால் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் ஏறி நிற்கும். பிறந்தது பரங்கிப்பேட்டை. அம்மா அப்பா போனபின் அந்த ஊரில் அவருக்கு யாரும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த இடம் கம்பம். கணவருக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன். இருபது வருடத்தில் அக்காவின் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது.

அவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "பாத்தீகளா, கேட்டீகளா?" அதில் கோபமும் இருக்காது, சந்தேகமும் இருக்காது. தபால்காரர் வீட்டு நம்பர் கேட்கிற மாதிரி கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய்விட்டாள் என்று யாராவது ரகசியமாக ஆரம்பித்தாலும் இதே கேள்விதான். கேட்டேன் என்றால் "சரி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பார்த்தேன் என்றால் அப்படியே நம்பிவிடுவார். பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று ஒரு மனுசன் சொல்லக்கூடும் என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவே ஏறாது.

ஒருமுறை என் கடை வாசலில் ஆட்டோவும் டிவிஎஸ் வண்டியும் மோதிக்கொண்டன. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது சுற்றி நின்ற அத்தனை பேரும் சாட்சி. உள்ளே சுவரைப் பார்த்து ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டிருந்த நானும் சாட்சி. ஆட்டோக்காரன்தான் வலப்பக்கம் ஏறினான் என்று கை நீட்டிச் சொன்னேன். அந்த அக்கா கடைப் படியில் நின்றிருந்தார், ரோட்டைப் பார்த்தபடிதான் நின்றிருந்தார். அவரைக் கேட்டதற்கு, "சத்தம் கேட்டுத் திரும்புனேன். ரெண்டும் கெடந்துச்சு. இடிச்சதை நான் பாக்கலை" என்றார். போலீஸ்காரர் எழுதிய நோட்டை மூடிவிட்டு எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்த அக்கா மேல் எரிச்சல்தான் வந்தது.

இப்படிப்பட்டவரை அவர் புகுந்த வீட்டில் பொய் சொல்கிறவர் என்று வைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் ஒரு மரம்.

எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணி என்றால் ஆழ்துளைக் கிணற்றில் வரும் போர்த் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, உப்புத் தண்ணி புழங்க. போரில் உப்பு ஏறிவிட்டால் திராட்சைக்காரன் தொலைந்தான். இலை ஓரம் கருகும், கொடி வதங்கும், பந்தல் மட்டும் மிஞ்சும். கல்யாணமாகி வந்த புதிதில், அப்படி ஒரு தோட்டம் கருகிப்போனதைப் பற்றி வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த அக்கா வெள்ளந்தியாக, "எங்க ஊர்ப் பக்கம் உப்புத் தண்ணியிலயே காடு நிக்கும். கடல் தண்ணி. மரம் வெதை போடாது, குட்டி போடும். மரத்துல தொங்குறப்பவே மொளைச்சிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். வீடே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு அந்த வீட்டில் 'உப்புக்காடு' என்று பெயர். இருபது வருடமாக, யாராவது நம்பமுடியாததைச் சொன்னால், "இது என்ன, உப்புக்காட்டுக் கதையா?" என்பார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால் பாய் தோட்டத்தை விட்டு நகர மாட்டார். பெண்பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் போவது அந்த வீட்டில் பேச்சுக்கே இல்லை.

கடைசியில் அந்த அக்கா மரத்தை இங்கே வரவைத்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிதம்பரத்துக்குத் திராட்சை ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் சொல்லி, அங்கே ஒரு படகுக்காரரிடமிருந்து அந்த மரத்தில், சுரபுன்னை என்பார்கள், நாலு கன்று வாங்கிவரச் செய்தார். கன்று என்ன கன்று, முற்றாத முருங்கைக்காயை ஒடித்த மாதிரி பச்சைக் குச்சி. மொட்டைமாடியில் ஒரு வாளியில் களிமண் போட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, நட்டுவைத்தார். எவ்வளவு உப்பு என்பதற்கு அளவெல்லாம் கிடையாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். சின்ன வயதில் எத்தனையோ தடவை வாயில் போன கடல் தண்ணீர், அந்தக் கரிப்பு அவருக்கு ஞாபகம் இருந்தது. ஐப்பசியில் நாலு குச்சியும் ஆளுக்கு இரண்டு இலை விட்டன.

அதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மழை பெய்து வாளி நிறைந்துவிட்டது, அது மழைத் தண்ணியில் வந்த இலை என்று பாய் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீர் சிந்தினால் தளம் பொரிந்துபோகும் என்று மாமியார் வாளியை மாடியை விட்டு இறக்கச் சொல்லிவிட்டார். இடம் என்று கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைதான், ஒரு சன்னல்கூட இல்லை. வீட்டில் சும்மா கிடந்த நாலடி மீன்தொட்டியை அங்கே வைத்துக் கன்றுகளை மாற்றினார். பாய் ஒரு பந்தயம் வைத்தார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எல்லாரும் வருவாக. அன்னைக்கு இந்தக் குச்சி உப்புத் தண்ணியில புது எலை விட்ருந்துச்சுண்டா, அத்தனை பேரு முன்னாடியும் ஒத்துக்கிறேன். இல்லண்டா இந்தப் பேச்சை இனிமே நீ எடுக்கக்கூடாது."

பெருநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. அப்போதுதான் அந்த அக்கா என் கடைக்கு வந்தார். அது இரண்டாயிரத்து மூன்று கடைசி.

எனக்கு ஒரு வியாதி உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. அன்றைக்குக் கடையில் இரண்டு வயர்மேன்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, சன்னல் இல்லாத ரூம்ல, உப்புத் தண்ணியில ஒரு செடி வளரணும். எந்த லைட்டு போடலாம்?"

உப்புத் தண்ணி என்றதும் நான் போர்த் தண்ணி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஏதோ குரோட்டன்ஸ் வளர்க்கிறார் போல என்று நினைத்தேன்.

அவரே சொன்னார். "காலேசுல செடி பாடம் எடுக்கிற டீச்சர் ஒருத்தவுக எங்க தெருவுல இருக்காக. வெள்ளை டியூப் லைட்டு நாலு, பக்கத்துப் பக்கத்துல, ஒரு அடி ஒசரத்துல தொங்கவிட்டாப் போதும்ண்டாக. ஆனா புத்தகத்துல படிச்சதாம், வளத்துப் பாத்ததில்லையாம். அதான் கேக்கேன். தெரியலைண்டாத் தெரியலைண்டு சொல்லுங்க தம்பி, மதுரைக்கு யாரும் போனாக் கேட்டுவரச் சொல்லிக்கிறேன்."

தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்தார். நான் அதற்குள் நுழையவில்லை. செடிப் பாடம் எடுக்கும் ஒரு டீச்சர் என் தொழிலில் வந்து விளக்கு சொல்வதா என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"டியூப் லைட்டுல எங்கக்கா செடி வளரும்? அது நம்ம கண்ணுக்குத்தான் வெளிச்சம். ஹாலஜன் போடுங்க, ஐநூறு வாட்ஸ். கல்யாண வீடியோக்காரன் பிடிக்கிறான்ல, அது. சூரியனை இறக்கி வச்ச மாதிரி இருக்கும்."

"பாத்தீகளா, கேட்டீகளா?"

வயர்மேன்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாத்தேன்க்கா. குமுளியில ஒரு ஏலக்காய் நர்சரி. நாந்தான் போய் மாட்டிக் குடுத்தேன். நாத்தெல்லாம் ஹாலஜன்லதான் நிக்குது" என்றேன்.

அப்படி ஒரு நர்சரி குமுளியில் மட்டுமில்லை, எங்கேயும் இல்லை. அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சரி. டீச்சர் படிச்சதுதான, நீங்க கண்ணால பாத்திருக்கீக" என்றார்.

மறுநாள் நானே போய் மாட்டினேன். படிக்குக் கீழே குனிந்து உள்ளே போனபோதுதான் அந்த நாலு குச்சிகளையும் பார்த்தேன். இலைகள் தடித்து, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கின. தொட்டித் தண்ணீர் உதட்டில் தெறித்தது. கடல் மாதிரி கரித்தது. போர்த் தண்ணீர் இல்லை இது என்று அந்த நிமிடம் புரிந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது. நான் விளக்கை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். அறை பளீரென்று ஆனது. என் புறங்கை சுட்டது.

"சூடு அதிகமா இருக்கே தம்பி?"

"சூரியன் சுடாதாக்கா?" என்றேன். வாசலில் நின்ற பாய் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

அந்த அக்கா அந்த விளக்கை வைத்து ஒரு ஒழுங்கு பண்ணிக்கொண்டார். சுபுஹு தொழுது முடித்து, விடிந்ததும் போடுவார். மஃரிப் பாங்கு சொன்னதும் அணைப்பார். "அங்கன சூரியனும் அப்பத்தான போகுது" என்பார். வெக்கையில் தண்ணீர் வற்ற வற்ற நாக்கில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் விட்டு உப்பைச் சமன் செய்வார். பத்தாவது நாள் கடைக்கு வந்தார்.

"எலை ஓரம் கருகுது தம்பி. அந்த நர்சரியிலயும் இப்படிக் கருகுச்சா?"

கடையில் அன்றைக்கு யாருமே இல்லை. நாலு பேர் இருந்தார்கள் என்ற சாக்குக்கூட எனக்கு இல்லை. இருந்தும், "மொதல்ல கருகும்க்கா. பழைய எலை போனாத்தான் தளிர் வரும்" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் கையில் சுருண்ட ஒரு இலை இருந்தது. அதைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். பெருநாளுக்கு இருபது நாள்தான் இருந்தது. "ரெண்டு குச்சி கறுத்துப்போச்சு. நர்சரி குமுளியில எங்கன இருக்குண்டு சொல்லுங்க. இவுகளைக் கெஞ்சிக் கூத்தாடியாவது கூட்டிட்டுப் போயி, அவுக என்ன பண்றாகண்டு ஒருதடவை பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால்கூட மிச்சம் இரண்டு பிழைத்திருக்கும். கடையில் நாலு டியூப் லைட்டு பட்டியும் இருந்தது, அரைமணி நேரத்தில் மாட்டியிருப்பேன். நான் சொன்னது, "அவுக நர்சரியை மூடிட்டு ஊரை விட்டே போயிட்டாகக்கா."

"பாவம்" என்றார் அவர். இல்லாத நர்சரிக்காரருக்காக அந்த வேளையிலும் வருத்தப்பட்டார். இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பெருநாளுக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே அண்ணன் தம்பிகள், மச்சான்மார், பெண்கள் என்று ஒரு பதினைந்து பேர் படிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள். தொட்டியில் நாலு கறுத்த குச்சிகள் நின்றன. மேலே ஹாலஜன் எரிந்துகொண்டிருந்தது. கடைசி நாள் வரைக்கும் அவர் அதை அணைக்கவில்லை, தளிர் வரும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா.

யாரோ, "வெறகு நல்லாக் காஞ்சிருக்கு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "வெளக்கு சரியான வெளக்குதான். தம்பி கண்ணால பாத்தது. ஏன் செத்துச்சுண்டு எனக்குத் தெரியலை" என்றார்.

பாய் என் தோளில் கை போட்டார். "நீ சொல்லுப்பா. நீ பொதுவான ஆளு. உப்புத் தண்ணியில மரம் வளருமா?"

எனக்கு அந்த மரத்தைப் பற்றி எதுவுமே தெரியாது. ஆனால் அந்த நாலு இலைஜோடியும் மினுங்கியதை நான் பார்த்திருந்தேன். அந்தத் தண்ணீரின் கரிப்பும் என் உதட்டுக்குத் தெரியும். பார்த்ததைச் சொல்லவேண்டிய இடம் அது ஒன்றுதான்.

"வளராது பாய்" என்றேன்.

அந்த அக்கா கை நீட்டி ஹாலஜனை அணைத்தார். பகலிலும் அந்த அறை இருட்டு. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் உப்புக்காட்டுப் பேச்சு நின்றுவிட்டது. நான் மட்டும் நிறுத்தவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "மீன்தொட்டியில கடலைக் கொண்டாந்து மரம் வளத்த அம்மா கதை தெரியுமா?" என்று ஆரம்பித்து, 'வெறகு நல்லாக் காஞ்சிருக்கு' என்பதில் முடிப்பேன். அந்த வரியை நான் சொன்னதாகவே சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கதையை ஓட்டினேன்.

அதை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். ஒருநாள் அந்த அக்கா ஒரு சுவிட்சு பாக்ஸோடு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பொகை வந்த மாதிரி இருந்துச்சு. வரலையோ என்னமோ. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை தம்பி, நீங்களே பாத்துக்கங்க" என்றார். பாக்ஸின் ஒரு மூலை முழுக்க வெந்து கரியாகிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அப்படிச் சொன்னார். 'பாத்தீகளா, கேட்டீகளா' என்று அவர் யாரையும் கேட்டு நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் முன்னால் கரியாகிக் கிடப்பதைக்கூட நம்பமாட்டாமல் ஒரு மனுசியை ஆக்கிவிட்டேன். அன்றோடு அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டேன். ஆனாலும் அவரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலைந்து வருடம் போனது.

இரண்டாயிரத்து ஒன்பதில் மனைவி வழியில் ஒரு கல்யாணத்துக்குச் சிதம்பரம் போனோம். மறுநாள் எல்லாரும் பிச்சாவரம் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. படகு ஒரு வளைவில் திரும்பியதும் இரண்டு பக்கமும் அந்த மரங்கள். வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு காடு காடாக நின்றன. கிளைகளில் பச்சைக் குச்சிகள் தொங்கின. நான் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். மனைவி, "என்ன, ஒரு மாதிரியா இருக்கீக?" என்று கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலமே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். மரத்தைப் பார்த்தேன் என்பது ஒன்று. நர்சரி என்று ஒன்று இல்லை என்பது இன்னொன்று. பாய் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிச்சாவரம் போயிருந்தேன். நீங்க சொன்ன மரத்தைப் பாத்தேன். கடல் தண்ணியிலதான் நிக்குது. நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்குது. குட்டியும் போட்டிருக்கு."

பாய் பேப்பரை மடித்தார். "நெசமாவா?"

"கண்ணால பாத்தேன் பாய்."

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு, "ஒத்துக்கிறேன். வீணா உன்னைய இத்தனை வருசம் பேசிப்புட்டோம். நாளைக்கு எல்லாத்துக்கும் போன் போட்டு நானே சொல்றேன்" என்றார். எனக்கு ஐந்து வருடமாக வராத ஒன்றை அந்த மனுசர் ஒரு நிமிடத்தில், இன்னொருவன் முன்னால், கூச்சமில்லாமல் செய்தார்.

அந்த அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூண்டுக் கையோடு துடைக்கப் போய், எரிச்சலில் சிரித்தார். அப்புறம் யோசனையோடு, ஒவ்வொன்றாகச் சொன்னார். "அப்ப மரம் நெசம். வெளக்கும் சரிதான், அதையும் நீங்க கண்ணால பாத்திருக்கீக. அப்ப என் நாக்குதான் தப்பு பண்ணிருக்கு. ஊரை விட்டு வந்து அப்பவே இருபது வருசம் ஆயிருந்துச்சுல்ல, கடல் உப்பு எவ்வளவுண்டு நாக்குக்கு மறந்துபோச்சு. நாந்தான் உப்பைக் கூடப் போட்டுக் கொன்னுட்டேன். என்ன தம்பி?"

இரண்டாவது வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. பாய் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்க்கா" என்றேன்.

இத்தனை வருடக் குழப்பம் தீர்ந்த நிம்மதியில் அவர் எழுந்து உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.